நான்கு எலுமிச்சைகளின் மேல் நின்ற கார்

இன்று காலை காரின் முன்பெட்டியைத் திறந்தேன், அத்தை. ஆயுத பூஜைக்குத் துடைப்பதற்காகத்தான். உங்கள் மாத்திரை அட்டை இரண்டு, நாக்கு வறண்டால் நீங்கள் போட்டுக்கொள்ளும் புளிப்பு மிட்டாய் நாலைந்து, அவற்றுக்கு அடியில் வண்டியின் கையேடு. நனைந்து காய்ந்த அதன் பக்கங்கள் பொரித்த அப்பளம் போல நெளிந்து கிடந்தன. விரித்ததும் சந்தனமும் பெட்ரோலும் ஈரத்துணியும் கலந்த வாடை வந்தது. ஓராண்டாகியும் அது போகவில்லை. ஒரு பக்கத்தில் என் கட்டைவிரல் ரேகை சந்தனத்தில் பதிந்திருக்கிறது. அந்த ரேகைக்குக் கீழே உள்ள வரியைத்தான் நான் உங்களுக்குப் படிக்காமல் தாண்டினேன்.

பெட்டியை மூடுவதற்குள் அப்பா வெளியிலிருந்து குரல் கொடுத்தார். "எஞ்சின் பக்கம் தண்ணி கொண்டுட்டுப் போயிராத சாமி. உங்கத்த பண்ணுன வேலைய நீயும் பண்ணிப்போடாத."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. ஊரில் எல்லோரும் சொல்வதைப் போலச் சொன்னார். உங்கள் சாவுக்கு வந்தவர்களும் இதைத்தான் சொன்னார்கள். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு நன்றாகக் கேட்டது. "பாவம், தன் கையாலயே தண்ணிய அடிச்சு வெச்சுக்கிட்டா. அப்புறம் எங்கிருந்து வண்டி கெளம்பும்?" நான் அன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை.

நீங்கள் நம் வீட்டுக்குத் திரும்பி வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பு. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன என்று தெரிந்த மூன்றாம் மாதம், உங்கள் கணவர் வீட்டார் ஒரு பெட்டியோடு உங்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். கல்யாணத்துக்கு முன் லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்தவர் அல்லவா, வாசலில் நின்றபடியே அம்மாவிடம், "ரிட்டன் லோடு வந்திருக்குதுங் அண்ணி, இறக்கிக்கறீங்களா?" என்றீர்கள். அம்மா அழுதார். நீங்கள் அழவில்லை.

செவ்வாய், வியாழன், சனி. வாரத்தில் அந்த மூன்று நாளும் நாமக்கல்லில் உங்கள் ரத்தத்தை மெஷினில் சுத்தம் செய்தாக வேண்டும். அப்பா லாரியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் வரமாட்டார். அம்மா விடியும் முன்னே கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போய்விடுவார். அதனால் அப்பா உங்களுக்காக இந்தச் சின்ன வெள்ளைக் காரைப் பழையதாக வாங்கி நிறுத்தினார். நீங்களே ஓட்டிப் போவீர்கள், மெஷினை விட்டு எழுந்ததும் ஒரு மணி நேரம் படுத்திருந்துவிட்டு நீங்களே ஓட்டி வருவீர்கள். விடுமுறை நாட்களில் பக்கத்து இருக்கை என்னுடையது. முதல் நாளே ஹேண்ட் பிரேக்கைக் காட்டி, "நான் மயங்கிச் சாஞ்சா நீ இத இழுத்துப்போடு. அப்புறமா அழு" என்று சொல்லி வைத்தீர்கள்.

நான் அந்தக் கையேட்டை முதல் வாரத்திலேயே படிக்கத் தொடங்கியிருந்தேன். விளக்குகளின் படங்கள், டயரில் காற்று எவ்வளவு, இருக்கையை எப்படிச் சாய்ப்பது. ஆங்கிலத்தில் இருந்ததை உங்களுக்குத் தமிழில் சொல்லுவேன். "கார் பொஸ்தகத்தைக்கூட உடமாட்டியா? ரேசன் கார்டாவது மிச்சம் வெச்சிருக்கிறியா?" என்பீர்கள். கடைசிப் பக்கங்களுக்கு நான் போகவில்லை. பராமரிப்பு என்று தலைப்புப் போட்டிருந்தது. அதெல்லாம் மெக்கானிக்குகளுக்கு என்று விட்டுவிட்டேன்.

சென்ற ஆண்டு ஆயுத பூஜை வியாழக்கிழமை வந்தது. அன்று உங்கள் மெஷின் கிடையாது, விடுமுறை. வெள்ளிக்கிழமை விடிகாலை ஆறு மணிக்கு வந்துவிட வேண்டும், பத்து மணிக்கு அதே மெஷின் வேறொருவருக்கு என்று சொல்லியிருந்தார்கள். முழுதாக நான்கு மணி நேரம் ஆகும் என்பதால் ஆறு என்றால் ஆறுதான். செவ்வாய்க்குப் பிறகு மூன்று நாள் இடைவெளி. வியாழன் காலையிலேயே உங்கள் கால்கள் வீங்கத் தொடங்கியிருந்தன. கொலுசு பதிந்த இடம் பள்ளமாகத் தெரிந்தது.

பண்ணையில் கொட்டகை கழுவும் பிரஷர் பம்பு அந்தப் பூஜைச் சமயத்தில் தெருவைச் சுற்றி வருவது உங்களுக்குத் தெரியும். ஒரு வீட்டில் டிராக்டர், அடுத்த வீட்டில் பைக், பிறகு நம் வீடு. "வெளிய மட்டும் கழுவுனாப் போதும் சாமி, நான் செத்த படுக்கறேன்" என்று சொல்லிவிட்டு நீங்கள் உள்ளே போனீர்கள்.

நான் வெளியே கழுவினேன். பிறகு பானெட்டைத் திறந்தேன். அத்தை, நான் அதைச் சோம்பலில் செய்யவில்லை, விளையாட்டாகவும் செய்யவில்லை. ஒவ்வோர் ஆண்டும் வாட்டர் சர்வீசில் அப்பாவின் லாரியைப் பார்த்திருக்கிறேன். எஞ்சின்மேல் வெள்ளை வெளேரென்று தண்ணீரைப் பீய்ச்சி, கிரீஸ் எல்லாம் கறுப்பாக ஒழுகி, கடைசியில் இரும்பு மின்னும். அதற்குத்தான் பூஜை. உள்ளே அழுக்கை வைத்துக்கொண்டு மேலே மட்டும் சந்தனம் வைப்பது ஏமாற்று வேலை என்று எனக்குத் தோன்றியது. மூலை முடுக்கெல்லாம் அடித்தேன். கறுப்புப் பெட்டிகள், ஒயர்கள் சேரும் இடங்கள், எல்லாம். பிறகு பேட்டரிக்கும் ஃபியூஸ் பெட்டிக்கும் எஞ்சின் மூடிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்து பானெட்டை மூடிவிட்டேன். மிகவும் அழகாக இருந்தது.

சாயங்காலம் சூடம் காட்டி நான்கு டயருக்கும் எலுமிச்சை வைத்தோம். வண்டியை எடுத்து நசுக்க வேண்டிய நேரத்தில் நீங்கள் மூச்சு வாங்கினீர்கள். "எப்பிடியும் விடிஞ்சா எடுக்கத்தான போறோம், அப்ப நசுங்கட்டும்" என்றீர்கள். அன்று மாலையே சாவியைத் திருகியிருந்தால் தெரிந்திருக்கும். ராத்திரி முழுக்க மூடிய பானெட்டுக்குள் தண்ணீர் தங்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்கு நீங்கள் சாவியைத் திருகினீர்கள். செல்ஃப் எடுத்தது, வண்டி எடுக்கவில்லை. மறுபடியும் அதே. முன்னால் இருந்த விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்து, சிமிட்டி, அணைந்தன. ஆறேழு முறை திருகினீர்கள். ஒவ்வொரு முறையும் சத்தம் இளைத்துக்கொண்டே வந்தது. பிறகு வெறும் 'டிக் டிக்'. நான் இறங்கி டயரைப் பார்த்தேன். நான்கு எலுமிச்சையும் வைத்தபடியே இருந்தன.

"நூத்தியெட்டக் கூப்புடலாங்கத்தே" என்றேன்.

"அது உசுரு போறவங்களுக்கு வர்ற வண்டி. நான் என்ன அப்பிடியா இருக்கறேன்?" என்று கேட்டுவிட்டு இறங்கி வந்து பானெட்டைத் தூக்கினீர்கள். உள்ளிருந்து ஈரக்காற்று முகத்தில் அடித்தது. என் சந்தனமும் குங்குமமும் கரைந்து வழிந்திருந்தன. நீங்கள் ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினீர்கள். உள்ளே தண்ணீர். அதில் விரலை வைத்து எடுத்து வெளிச்சத்தில் பார்த்தீர்கள்.

"உள்ளயும் பிரஷர் அடிச்சியா சாமி?"

"இல்லீங்கத்தே."

என் வாழ்நாளில் நான் அவ்வளவு வேகமாக எதையும் சொன்னதில்லை. நீங்கள் என்னையும் பார்த்தீர்கள், ஈர விரலையும் பார்த்தீர்கள். பிறகு விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "சரி, உம் பொஸ்தகத்த எடு. என்ன போட்டிருக்குதுன்னு பாக்கலாம்" என்றீர்கள்.

கையேட்டை எஞ்சின்மேல் விரித்து வைத்தேன். அதனால்தான் அது நனைந்தது. செல்பேசி வெளிச்சத்தில், வண்டி கிளம்பாவிட்டால் என்ன செய்வது என்ற பகுதியை வாய்விட்டுப் படித்தபடியே தேடினேன். பராமரிப்புப் பகுதிக்கு அடுத்த பக்கம் அது. முந்தைய பக்கத்தின் கடைசியில், கட்டம் கட்டி, அந்த வரி இருந்தது. என் குரல் நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்ட? படி."

நான் சந்தனம் ஒட்டிய கட்டைவிரலை அந்த வரியின்மேல் வைத்துக்கொண்டு அடுத்ததைப் படித்தேன். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றவும். இணைப்புகளில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கவும். தொடர்ந்து ஸ்டார்ட் செய்ய முயல வேண்டாம்.

"அத மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல உம் பொஸ்தகம்" என்றீர்கள்.

அம்மா வளர்க்கும் நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு வெதுவெதுப்புக்காகப் போடும் பெரிய பல்பைக் கழற்றி ஒயரோடு கொண்டுவந்தேன். அதை எஞ்சின்மேல் தொங்கவிட்டேன். நீங்கள் ஒவ்வோர் இணைப்பாகப் பிடுங்கி, துணி நுனியைத் திரித்து உள்ளே விட்டுத் துடைத்தீர்கள். தண்ணீரில் விழுந்த செல்பேசியை அரிசிக்குள் புதைப்பார்கள் என்று நான் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். "காருக்கு எத்தன மூட்ட வேணும்? உங்கம்மாகிட்ட நீயே போய்க் கேளு." சிரித்து முடித்ததும் மூச்சு கிடைக்காமல் வண்டியின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். பல்பு வெளிச்சத்தில் உங்கள் முகமும் வீங்கியிருப்பது தெரிந்தது. மணி ஆறைத் தாண்டியிருந்தது.

தெருவில் நான்கைந்து வண்டிகள் நின்றன. எல்லாவற்றின் டயருக்கடியிலும் எலுமிச்சை. ஆட்டோக்காரரிடம் ஓடினேன். நல்ல நேரத்தில் பூஜை போட்டு எடுத்தால்தான் வண்டி நகரும், ஒன்பது மணிக்கு வருகிறேன் என்றார். நீங்கள் எவ்வளவு மோசமாக இருக்கிறீர்கள் என்று அவருக்குச் சொல்லத் தெரியாமல் திரும்பினேன்.

அப்போதுதான் அப்பாவைக் கூப்பிட்டோம். அவர் லோடோடு அசாம் பக்கம் நின்றிருந்தார். நீங்கள் செல்பேசியை ஸ்பீக்கரில் போட்டு எஞ்சின்மேல் வைத்தீர்கள், இரண்டு கையும் ஒயரில் இருந்ததால்.

"தண்ணி எப்பிடி உள்ள போச்சு?" என்றார் அப்பா.

நான் வாயைத் திறந்தேன் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதற்குள் நீங்கள் பேசிவிட்டீர்கள்.

"நாந்தானுங் அண்ணா. பூஜைக்குன்னு எஞ்சினையுங் கழுவிப்போட்டேன்."

"அறிவிருக்குதா பாப்பா உனக்கு? அது என்ன லாரியா? வருசக்கணக்கா லாரி ஆபீசுல உக்காந்து என்னத்தக் கத்துக்கிட்ட? நான் இத்தன தூரத்துல நின்னுட்டு என்ன பண்ணுவேன்? சாகோணும்னே பண்றியா நீ?"

"ஏதோ நெனப்புல பண்ணிட்டனுங் அண்ணா. வையுங்க, முட்டை வண்டி வருதாட்டிருக்குது."

நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை. அன்றும் திரும்பவில்லை, அதன் பிறகும் அதைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. எப்போது தெரிந்தது, ஈர விரலைப் பார்த்தபோதா, என் குரல் நின்றபோதா, நான் உங்களிடம் கேட்டதே இல்லை.

அந்த விடியலில் நகர்ந்த ஒரே வண்டி பழனிச்சாமி மாமாவுடையது. பண்ணையிலிருந்து முட்டை ஏற்றிவரும் குட்டியானை. "கோழிக்கு ஏது ஆயுத பூஜை, அது பாட்டுக்குப் போடுது" என்றபடி உங்களை முன்னால் ஏற்றிக்கொண்டார். அட்டை அட்டையாக முட்டைகள் உங்கள் தலைக்குப் பின்னால் ஆடின. "அம்மிணி, மூச்சு மட்டும் உடுங்க, சீட்டுல ஆடாதீங்க. ஒடஞ்சுதுன்னா மொதலாளி என்னயத்தான் திட்டுவாரு" என்றார். "என்னய உட முட்டைக்கு மரியாத ஜாஸ்தி" என்றீர்கள். உங்களுக்குச் சொற்கள் ஒவ்வொன்றாகத்தான் வந்தன. வழியில் அவர் ஒன்றிரண்டு கடைகளில் முட்டை இறக்க வேண்டியிருந்தது. எட்டு மணிக்கு மேல் போய்ச் சேர்ந்தோம். பத்து மணிக்கு இன்னொரு பெரியவர் தன் தலையணையோடு வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டார். நான்கு மணி நேரத்துக்குப் பதிலாக இரண்டு மணி நேரம்கூட உங்களுக்கு முழுதாகக் கிடைக்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, உங்கள் முறையைச் சாயங்காலத்துக்குத் தள்ளியிருந்தார்கள். பகலில் புதுச்சத்திரத்திலிருந்து சலீம் பாய் வந்தார். ஆட்டோ எலக்ட்ரீஷியன். வேறு பேட்டரியை இணைத்துச் சாவியைத் திருகினார். வண்டி முதல் திருகிலேயே எடுத்தது. "நேத்து பூராவும் பானெட் தொறந்து கெடந்து வெயில் பட்டுருக்குதுல்ல, அதுவே காஞ்சு சரியாயிருச்சு" என்றார். பிளக் இருக்கும் குழிகளில் காற்றடித்தபோது மட்டும் துளித் துளியாக ஈரம் தெறித்தது. "லாரிக்கு ஒடம்பு மட்டும்தான்மா, அடிச்சாத் தாங்கும். இதுக்கு மூளையும் இருக்குது. அதுமேல தண்ணி ஊத்துனா அது எப்பிடி வேலை செய்யும்? கழுவுனது யாரு?"

"நான்" என்றீர்கள், கட்டிலில் படுத்தபடியே, ஜன்னல் வழியாக. அவர் வண்டியை முன்னால் நகர்த்தினார். ஒரு நாள் முழுக்க வெயிலில் வாடிய எலுமிச்சைகள் சாறில்லாமல் பிளந்தன.

அதற்கடுத்த முறைகள் ஒழுங்காகத்தான் நடந்தன. ஆனால் நீங்கள் எழுந்து வரும்போது முன்பு போல இல்லை. மூன்று வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை, நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, படுக்க முடியாமல், உட்காரவும் முடியாமல் தவித்தீர்கள். கார் நல்ல நிலையில் வாசலில் நின்றது. ஓட்டத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். அன்றைக்கு நூற்றியெட்டு வந்தது. நீங்கள் மறுக்கவில்லை.

ஆஸ்பத்திரி நர்ஸ் அக்காவிடம் பிறகு ஒருநாள் தனியாகப் போய்க் கேட்டேன். ஒரு தடவை பாதியில் நின்றால் இப்படி ஆகுமா என்று. "அந்த ஒரு நாளால இல்லம்மா. அவங்க இதயமே ரொம்ப பலகீனமா இருந்துச்சு" என்றார். என்னைப் பார்த்துச் சொன்ன பதிலா, உண்மையான பதிலா என்று தெரியவில்லை. நூலகத்தில் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க இரண்டும் இருக்கலாம் என்றுதான் தெரிகிறது.

ஏன் ஓராண்டாகச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதலில் பயம், அத்தை. பிறகு பயம் மட்டும் இல்லை. அப்பா அந்த மூன்று வாரமும் உங்களிடம் பேசவில்லை. அம்மாவைக் கூப்பிட்டு, "அவ எப்பிடி இருக்கறா?" என்று மட்டும் கேட்பார். வந்ததும் நேரில் பேசிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறார். அவர் வந்தபோது நீங்கள் ஐஸ் பெட்டிக்குள் இருந்தீர்கள். நான் உண்மையைச் சொன்னால், செய்யாத தப்புக்குத் தங்கையைத் திட்டினோம் என்பது அவருக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால், செத்த பிறகும் அந்தப் பழி உங்கள்மேல் இருக்கும். எந்தப் பக்கம் போனாலும் உங்களில் ஒருவருக்கு வலி.

இன்று காலை அப்பா அந்தப் பேச்சைச் சொன்னதும், கையேட்டோடு இறங்கிப் போய் அவர் முன்னால் நின்றேன். அவர் காய்ந்த துணியால் லாரி பேட்டரியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அத்த கழுவலீங்கப்பா. நாந்தான் எஞ்சினுக்குள்ள அடிச்சேன். கேட்டதுக்கு இல்லைன்னு பொய் சொன்னேன். அவங்க எனக்காகச் சொன்னாங்க."

அப்பாவின் கை நின்றது. "நான் போன்ல பேசுனது நீ கேட்டியா?"

"ஸ்பீக்கர்ல இருந்துச்சுங்கப்பா."

"எல்லாமா?"

"எல்லாமுங்கப்பா."

அவர் துணியை மடித்தார். மறுபடி பிரித்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் லாரியின் கேபின் படியில் போய் உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல், "அவகிட்டப் பேசறதுக்கு எனக்கு மூணு வாரம் இருந்துச்சு சாமி" என்றார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். அப்பா போகவில்லை.

சாயங்காலம் பூஜைச் சமயத்தில் பழனிச்சாமி மாமா அட்டை முட்டையோடு வந்தார். துடைத்த காரைப் பார்த்து அப்பாவிடம், "என்ன மாப்ள, இந்த வருசம் தண்ணியே காட்டலியாட்டிருக்குது? அம்மிணி பண்ணுனது பயமாயிருச்சா?" என்று கேட்டார். அப்பா எலுமிச்சையைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்தே இருந்தார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டார் என்று தெரிந்தது. நீங்களும் அப்படித்தான் குனிந்து ஒயரைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"அது எங்கத்த பண்ணுனது இல்லீங் மாமா. நான் பண்ணுனது" என்றேன். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. எதிர்வீட்டில் டிராக்டருக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமா முட்டை அட்டையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். நாளைக்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். இனி அவர்கள் என்னைச் சொல்லட்டும்.

அப்பா இன்றே வண்டியை எடுத்தார். எலுமிச்சைகள் நசுங்கின. பக்கத்து இருக்கையில் நான் இருந்தேன். அவர் ஹேண்ட் பிரேக்கைத் தொடும்போதெல்லாம் எனக்கு உங்கள் கை ஞாபகம் வந்தது. தெருமுனை வரை போய்த் திரும்பினோம்.

கையேட்டைத் திரும்ப வண்டியில் வைக்கவில்லை. என் புத்தகப் பையில் இருக்கிறது. சந்தன ரேகையை ஈரத்துணியால் துடைத்தால் எழுத்தும் போய்விடும் போலிருந்ததால் அப்படியே விட்டிருக்கிறேன். ரேகைக்குள்ளேயே எழுத்துகள் தெரிகின்றன. நிறுத்தாமல் படி என்றீர்கள். இப்போது படிக்கிறேன், அத்தை.

'எஞ்சின் அறையினுள் ஒருபோதும் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க வேண்டாம்.'

அவ்வளவுதான். அதற்கு அடுத்த வரியிலிருந்துதான் அன்று உங்களுக்குப் படித்தேன்.